ஃபுட்டியை நம்பி மகனை விடலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மெல்போர்னின் மேற்குப் புறநகரில் வசிக்கும் ஒரு தாய் இங்கே கேட்டிருந்தார். 15 வயது மகனுக்கு வட்டார டேலண்ட் லீக் (இளம் திறமைகளுக்கான லீக்) கிளப்பிலிருந்து, 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கான தேர்வுப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. பையனுக்கு ஏஎஃப்எல் (ஃபுட்டி என்று இங்கே சொல்லும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் தேசிய லீக்) தவிர வேறு பேச்சே இல்லை. இதை நம்பி விடலாமா, ஒரு வீரர் எவ்வளவு சம்பாதிப்பார், எத்தனை வயது வரை ஆடுவார் என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "நம்ம நிறத்துப் பையனை அங்கே ஏத்துக்குவாங்களா?" இளைய மகளும் ஆடுகிறாளாம்.

சம்பளத்தைக் கேட்டிருந்தாலும் உங்கள் கவலை வேறு என்று நினைக்கிறேன். 18 வயதில் இதில் இறங்குகிற பையனுக்கு 30 வயதில் கையில் என்ன மிஞ்சும்? பணம், படிப்பு, முழங்கால், தலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் விளையாட்டுத் துறை பிசியோதெரபிஸ்ட். 18 வயதுக்குட்பட்டோர் அணிகளிலும் புறநகர் கிளப்புகளிலும் பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். ஏஎஃப்எல் கிளப் எதிலும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. அதனால் உடம்பைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்ட், பணம் பற்றிச் சொல்பவை வெளியில் அறிவிக்கப்பட்டவை, அல்லது ஆடியவர்கள் வாயால் கேட்டவை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரிக்கெட் ஆடும் அதே முட்டை வடிவ மைதானத்தில், ஒரு பக்கம் 18 பேர், நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் கடத்தி ஆடும் ஆட்டம் இது. நடு இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. உதைத்து 15 மீட்டராவது வந்த பந்தைத் தரையில் படுமுன் பிடிப்பதற்கு மார்க் என்று பெயர், எதிராளியின் தோளுக்கு மேலே எம்பிப் பிடிப்பதும் உண்டு. நீங்கள் பாக்ஸிங் டே டெஸ்ட் பார்க்கும் எம்சிஜி-யில்தான், செப்டம்பர் கடைசியில், சுமார் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் இறுதிப்போட்டி நடக்கும். 1897-இல் விக்டோரியாவுக்குள் தொடங்கிய லீக் இது. 1982-இல் சவுத் மெல்போர்ன் கிளப் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது, 1987-இல் பெர்த்தும் பிரிஸ்பேனும் சேர்ந்தன, 1990-இல் பெயரே ஏஎஃப்எல் என்று மாறியது. இன்று 18 கிளப்புகள் ஆடுகின்றன, அவற்றில் 10 விக்டோரியாவில். 2028-இல் டாஸ்மேனியா 19-ஆவதாக வர இருக்கிறது.

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தைத் தொழிலாக ஆட உலகத்தில் வேறு இடம் கிடையாது. இங்கே இடம் கிடைக்காத சாக்கர் வீரர் ஆசியாவில் ஏதாவது ஒரு லீக்குக்குப் போகலாம். கிரிக்கெட்காரருக்கு இங்கிலாந்து கிளப் இருக்கிறது, நாடு நாடாக டி20 தொடர்கள் இருக்கின்றன. ஃபுட்டி வீரருக்கு இருப்பது இந்த 18 கிளப்புகள் மட்டும். எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்கள் பட்டியலில் சுமார் 800 பேர். இந்த 18 கிளப்புகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த படி மாநில லீக்குகள்: விஎஃப்எல், தெற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்ஏஎன்எஃப்எல், மேற்கின் டபிள்யூஏஎஃப்எல். அங்கே கிடைப்பது பகுதிநேரச் சம்பளம். அதற்கும் கீழே கிராமப்புற லீக்குகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் தருவார்கள். வாரநாட்களில் வேறு வேலை பார்த்துத்தான் தீர வேண்டும். நான் கீழே சொல்லும் பணம், காயம், மனநிலை எல்லாமே சுற்றிச் சுற்றி இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

உள்ளே நுழையும் வழி டிராஃப்ட், அதாவது கிளப்புகள் முறை வைத்துப் புதிய வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது. அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிரம்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்டில் சமீப வருடங்களில் ஏறக்குறைய 60 முதல் 70 பேர்தான் எடுக்கப்படுகிறார்கள். விக்டோரியாவில் மட்டும் உங்கள் மகனுக்கு அழைப்பு அனுப்பியது போன்ற வட்டார கிளப்புகள் 12 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 40, 50 பையன்கள். மற்ற மாநிலங்களின் பையன்களையும், மாநில லீக்கில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பெரியவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 வயது அணியில் இடம் கிடைப்பது நல்ல செய்திதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அங்கிருந்து டிராஃப்டில் பெயர் வரை போகிறவர்கள் சிறுபான்மை. அந்த வயதில் இவன் வருவான், இவன் வரமாட்டான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 15 வயதில் எல்லோரையும் இடித்துத் தள்ளுகிறவன் பெரும்பாலும் முன்கூட்டியே வளர்ந்தவனாக இருப்பான். 18-இல் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்ததும் அவனுடைய சாதகம் போய்விடும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். குள்ளமாக, மெதுவாக வளர்கிற பையன் பின்னால் முந்தி வருவதும் உண்டு. நார்த் மெல்போர்னின் பிரென்ட் ஹார்வியின் உயரம் 167 செ.மீ. அவர் 432 ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் போனார்.

டிராஃப்டில் பெயர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பையனுக்கு இல்லை. எடுத்த கிளப் பெர்த்தில் இருந்தால் பெர்த், கோல்ட் கோஸ்ட்டில் இருந்தால் கோல்ட் கோஸ்ட். 12-ஆம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, சில நாட்களிலேயே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். வெளியூர்ப் பையன்களைப் பெரும்பாலும் முதல் வருடம் ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்க வைப்பார்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் கூடவே இருப்பதற்குப் பழகிவிட்ட நமக்கு இது சின்ன விஷயமல்ல. வீட்டு ஏக்கம் தாங்காமல் இரண்டு வருடத்தில் சொந்த ஊர் கிளப்புக்கு மாற்றல் கேட்பவர்கள் எல்லா ஊர்க்காரர்களிலும் இருக்கிறார்கள். கிளப்புகள் ஒரு பையனை எடுக்கும் முன்பே இவன் ஊருக்குத் திரும்பிவிடுவானா என்று யோசிக்கும் அளவுக்கு இது சகஜம்.

நுழைகிறவனுக்குக் குறைந்தது இரண்டு வருட கான்ட்ராக்ட் உண்டு. அந்தக் காலத்துச் சம்பளம் லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி நிர்ணயமானது, பேரம் பேச முடியாது. அதற்கு மேல் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்பக் கொஞ்சம் சேரும். 2023-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்போது சொல்லப்பட்ட கணக்கு இது: ஆண்கள் லீக்கில் சராசரி வருடச் சம்பளம் 2022-இல் சுமார் 3,87,000 ஆஸ்திரேலிய டாலர், 2027-இல் அது சுமார் 5,19,000 ஆக உயரும். கேட்கப் பெரிய தொகை. ஆனால் சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலே இருக்கும் சிலர் மில்லியனுக்கு மேல் வாங்குவதால் சராசரி ஏறித் தெரிகிறது. பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குக் கீழேதான். கிளப் எல்லாவற்றுக்கும் மொத்தச் சம்பள உச்சவரம்பும் உண்டு, யாரும் பணத்தைக் கொட்டி ஆள் பிடிக்க முடியாது. ஒரே கிளப்பில் 8 வருடம் முடித்தவர்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது கான்ட்ராக்ட் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போகக்கூடியவர், ஆகிறார். 2012-இல்தான் இந்த ஏற்பாடே வந்தது. லான்ஸ் ஃபிராங்க்ளின் 2013 முடிவில் ஹாதார்னிலிருந்து சிட்னிக்கு 9 வருடம், 10 மில்லியன் டாலர் என்று போனது அந்த வழியில்தான். அவரைப் போன்றவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். 20 ஆட்டம் ஆடிவிட்டு 22 வயதில் வெளியே வந்தவனைப் பற்றிச் செய்தி வருவதில்லை. எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

கணக்கு எளிது. பட்டியலின் அளவு மாறாது. ஒவ்வொரு நவம்பரிலும் புதிய பையன்கள் உள்ளே வருகிறார்கள் என்றால், அதே அளவு ஆட்கள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் வெளியேற வேண்டும். அதனால்தான் என்னிடம் கேட்கிற பெற்றோரிடம், முதல் கான்ட்ராக்டைப் பார்க்காதீர்கள், மூன்றாவதைப் பாருங்கள் என்று சொல்வேன். முதலாவது பையனின் வாய்ப்பைப் பார்த்துத் தரப்படுவது. இரண்டாவது பெரும்பாலும் பொறுமைக்குத் தரப்படுவது. மூன்றாவதை வாங்குகிறவன்தான் இதைப் பிழைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் வயது 22, 23 ஆகியிருக்கும். உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கியிருப்பார்கள்.

பணமும் புகழும் கிடைத்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு டாம் பாய்டின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் பையன், ஆறரை அடி உயரம். 2013 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டு, மேற்கு சிட்னியின் ஜிடபிள்யூஎஸ் கிளப்புக்குப் போனார். ஒரு வருடத்தில் 9 ஆட்டம். அந்த வருட முடிவில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அவரை மெல்போர்னுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு ஈடாகக் கொடுத்தது தன் கேப்டன் ரயன் கிரிஃபனையும் 6-ஆம் எண் டிராஃப்ட் வாய்ப்பையும். 19 வயதுப் பையனுக்கு 7 வருடம், சுமார் 7 மில்லியன் டாலர். ஆடுகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தொகை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பந்தைத் தவறவிட்டால், இதற்கா மில்லியன் என்று கேட்டார்கள். 2016 இறுதிப்போட்டியில் அவர் 3 கோல் அடித்தார். கடைசிக் கால்பகுதியில் தூரத்திலிருந்து அவர் உதைத்த பந்து யாருமில்லாத கோலுக்குள் உருண்டு போன காட்சியை புல்டாக்ஸ்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 1954-க்குப் பிறகு, 62 வருடம் கழித்து, அந்தக் கிளப்புக்குக் கோப்பை கிடைத்தது. அடுத்த வருடமே மனச்சோர்வு காரணமாக ஆட்டத்திலிருந்து விலகி ஓய்வெடுத்தார். முதுகுக் காயமும் சேர்ந்துகொண்டது. 2019 மே மாதம், 23 வயதில், இன்னும் இரண்டரை வருடச் சம்பளம் பாக்கி இருக்கும்போதே அதைக் கைவிட்டு ஓய்வு பெற்றார். மொத்தம் 61 ஆட்டங்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது பல பையன்களுக்கு உதவியிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க எல்லாமே அமைந்துவிட்டது போலத் தெரிகிற ஒருவருக்கும் இந்தத் தொழில் எவ்வளவு பாரமாக இருக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன். உங்கள் மகன் எந்த அணியில் சேர்ந்தாலும், அங்கே மனநலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு வையுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இனி உடம்பு. இங்கே எனக்குப் பேச நிறைய இருக்கிறது. நடுக்கள வீரர் ஒருவர் ஒரு ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுகிறார். அதுவும் சீரான ஓட்டமில்லை. வேகமெடுத்து, நின்று, திரும்பி, மோதி, குதித்து மறுபடி ஓடுவது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 23 ஆட்டங்கள், பிறகு இறுதிச் சுற்றுகள். நவம்பரிலிருந்து பயிற்சிக் காலம். மிக அதிகமாகப் பார்ப்பது தொடைப் பின்தசைக் காயம், ஹாம்ஸ்ட்ரிங். முழு வேகத்தில் ஓடும்போதும், குனிந்து பந்தெடுக்கும்போதும், காலை வீசி உதைக்கும்போதும் அது கிழியும். மூன்று நான்கு வாரத்தில் ஆறும், ஆனால் அவசரப்பட்டால் திரும்ப வரும். அடுத்தது முழங்காலின் ஏசிஎல் தசைநார். இது போனால் பெரும்பாலும் அறுவை, 9 முதல் 12 மாதம் வெளியே. ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல் என்பதும், வயது குறையக் குறைய அந்த ஆபத்து அதிகம் என்பதும் நன்றாக நிறுவப்பட்டவை. 1950-களின் மிகப் பெரிய கோல் வேட்டைக்காரரான எசெண்டனின் ஜான் கோல்மன் 98 ஆட்டங்களில் 537 கோல் அடித்தவர். 1954-இல், 25 வயதில், முழங்கால் காயம் அவருடைய ஆட்டத்தை முடித்துவிட்டது. அன்று அதைச் சரிசெய்யும் அறுவை இல்லை. இன்று இருக்கிறது. ஆனாலும் சிட்னியின் அலெக்ஸ் ஜான்சனைப் பாருங்கள். 2012-இல் கோப்பை வென்ற அணியில் ஆடினார். அதன் பிறகு ஒரே முழங்காலில் மீண்டும் மீண்டும் அறுவை. ஐந்து முறை. ஆறு வருடம் கழித்து 2018-இல் திரும்பி வந்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது. அடுத்த ஆட்டத்திலேயே மற்ற முழங்கால் போயிற்று.

உங்கள் மகன் வயதில் நான் அதிகம் பயப்படுவது ஒற்றை மோதலைவிட மிதமிஞ்சிய ஆட்டத்துக்குத்தான். பள்ளி அணி, உள்ளூர் கிளப், வட்டார அணி என்று மூன்று பயிற்சியாளர்கள் ஒரே பையனை இழுப்பார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கு சுமையை மட்டும்தான் கணக்குப் பார்ப்பார். வேகமாக வளர்கிற காலத்தில் எலும்பு நீளும், தசை பின்தங்கும். இடுப்பு மூட்டுப் பகுதி வலி, முழங்காலுக்குக் கீழே புடைப்பு, முதுகெலும்பிலும் பாதத்திலும் நுண்ணிய எலும்பு முறிவு ஆகியவை இந்த வயதில்தான் வரும். வலியோடு ஆடுவது வீரம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். தேர்வு நெருங்க நெருங்க மறைப்பார்கள். உங்களிடம்கூட மறைப்பான். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து நடக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள், அது பொய் சொல்லாது.

தலைக் காயத்தைப் பற்றி உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதற்கும் சிடிஇ என்கிற மூளைச் சிதைவு நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. பழைய நட்சத்திரம் கிரஹாம் 'பாலி' ஃபார்மர், 2019-இல் இறந்த டேனி ஃபிராலி, 2020-இல் 38 வயதில் இறந்த ஷேன் டக் ஆகியோரின் மூளையில் இறந்த பிறகு அது கண்டறியப்பட்டது. ஷேனின் தந்தை மைக்கேல் டக் 426 ஆட்டமும் ஏழு கோப்பையும் கண்டவர். உறுதியில்லாதது: ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது வரும் என்பது. உயிரோடு இருக்கும்போது இதைக் கண்டறிய முடியாது. மூளையைத் தானம் செய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏதோ தொந்தரவைக் கண்ட குடும்பங்கள், ஆகவே அந்த எண்ணிக்கையை வைத்து எல்லோருக்கும் விகிதம் சொல்வது தவறு. யாராவது இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவரையும் நம்பாதீர்கள். மெல்போர்ன் கிளப்பின் ஆங்கஸ் பிரேஷா 2023 செப்டம்பரில் ஒரு மோதலில் மயங்கி விழுந்தார். அதற்கு முன்பும் அவருக்குப் பல முறை தலையில் அடிபட்டிருந்தது. ஸ்கேனில் மாற்றங்கள் தெரிந்ததும் 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவ ஆலோசனைப்படி ஓய்வு பெற்றார். நல்ல முடிவு. பழைய தலைமுறைக்கு அந்த ஆலோசனையே கிடைக்கவில்லை. இன்றைய விதிப்படி ஏஎஃப்எல் வீரர் கன்கஷனுக்கு (தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி) பிறகு 12 நாளாவது வெளியே இருக்க வேண்டும். உள்ளூர், இளையோர் மட்டத்தில் குறைந்தது 21 நாள். அந்த 21 நாளைக் குறைக்கச் சொல்லி எந்தப் பயிற்சியாளர் கேட்டாலும், எவ்வளவு பெரிய ஆட்டமாக இருந்தாலும், முடியாது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். 1993-இல் காலிங்வுட் மைதானத்தில் பார்வையாளர்கள் ஏசியபோது செயின்ட் கில்டாவின் பழங்குடி வீரர் நிக்கி வின்மார் தன் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக் காட்டினார். 1995-இல் எசெண்டனின் பழங்குடி வீரர் மைக்கேல் லாங் தன் இனவசைப் புகாரைக் கைவிடாமல் நின்றதால் இனவசைக்கு எதிரான விதி வந்தது. விதி வந்தும் சிட்னியின் பழங்குடி வீரர் ஆடம் குட்ஸுக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1997 டிராஃப்டில் 43-ஆவதாக எடுக்கப்பட்டவர், 372 ஆட்டங்கள், 2003-லும் 2006-லும் லீக்கின் உயரிய விருதான பிரவுன்லோ பதக்கம், 2014-இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த குடிமகன் விருது. அப்படிப்பட்ட மனிதரை 2015-இல் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு விரட்டினார்கள். அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றார். 2019-இல் லீக்கும் 18 கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டன. என்னை இன்றும் கோபப்படுத்துகிற நிகழ்வு இது. இன்றைய பையன்கள் உடை மாற்றும் அறையில் சூடான், இத்தாலி, லெபனான், டோங்கா வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன், அங்கே உங்கள் மகன் தனியாக இருக்கமாட்டான். ஆனால் கூட்டத்திலிருந்தும் கைபேசியிலும் வரும் வசை இன்னும் நிற்கவில்லை. அது வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு தொடர்புடைய ஒரு வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன், நம் குடும்பங்கள் பல இதைத் தவறவிடுகின்றன. ஏஎஃப்எல் கிளப்புகள் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி என்று நடத்துகின்றன. பழங்குடிப் பிள்ளைகளுக்கும், ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் வட்டாரம் எந்தக் கிளப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த அகாடமியில் தேர்ந்த பயிற்சி கிடைக்கும். டிராஃப்டில் மற்றவர் கேட்கும்போது அந்தக் கிளப் ஈடுகொடுத்து அவனைத் தக்கவைக்கவும் வழி இருக்கிறது. 2020-இல் நாட்டின் முதல் தேர்வான ஜமாரா உக்லே-ஹேகன் புல்டாக்ஸுக்கு வந்தது இப்படித்தான். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், வட்டார கிளப் மேலாளரிடம் கேட்டால் இன்றைய நிலையைச் சொல்வார்.

எத்தனை வயது வரை என்பதற்கு வருகிறேன். 30 தாண்டி ஆடுகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களும் தாங்களே தேதி குறித்துப் போவது அபூர்வம். முன்பு சொன்ன ஹார்வியிடம், அவருடைய 38 வயதில், 2016-இல், மைக்கேல் டக்கின் சாதனையைத் தாண்டிய சில வாரங்களிலேயே, அடுத்த வருடம் உங்களுக்குக் கான்ட்ராக்ட் இல்லை என்று கிளப் சொன்னது. அவருக்கு இன்னும் ஆட ஆசை இருந்தது. அவருக்கே அப்படி என்றால் 24 வயதில் 15 ஆட்டம் ஆடியவனுக்குச் சொல்வது பத்து நிமிடச் சந்திப்பில் முடிந்துவிடும். வெளியே வருகிறவர்களில் சிலர் பயிற்சியாளர், வர்ணனையாளர் ஆகிறார்கள், ஆனால் அந்த நாற்காலிகள் குறைவு. நான் பார்த்தவரை நன்றாகத் தேறியவர்கள் ஆடும்போதே வேறொன்றைக் கற்றவர்கள்: ஆசிரியர், எலக்ட்ரீஷியன், தச்சர், தீயணைப்பு வீரர், கணக்காளர். வாரத்தில் ஒரு நாள் படிக்கவோ தொழில் கற்கவோ கிளப்புகள் ஒதுக்குகின்றன, வீரர்கள் சங்கமும் படிப்புக்கு உதவுகிறது. அந்த நாளைத் தூங்கிக் கழித்தவர்கள்தான் பின்னால் திண்டாடினார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் பேசினால் பணத்தைவிட அதிகமாகச் சொல்வது வேறொன்று. காலையில் எழுந்தால் எங்கே போக வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று 18 வயதிலிருந்து யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஒரு திங்கட்கிழமை அது நின்றுவிட்டது.

மகளைப் பற்றிச் சுருக்கமாக. பெண்கள் லீக் 2017-இல் தொடங்கியது, 2022-இலிருந்து 18 கிளப்புகளிலும் அணி இருக்கிறது. சம்பளம் ஏறி வருகிறது என்றாலும் ஆண்களோடு ஒப்பிட மிகக் குறைவு, பெரும்பாலோர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் ஆபத்து ஆண்களைவிடத் தெளிவாக அதிகம். குதித்து இறங்குவதற்கும் திசை திரும்புவதற்குமான தடுப்புப் பயிற்சிகளை இப்போதே பழக்கினால் அது குறையும். அவளுடைய பயிற்சியாளர் வார்ம்-அப்பில் அதைச் செய்கிறாரா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

ஆக, என் கருத்து: பையனைத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்புங்கள். 15 வயதில் நல்ல பயிற்சியாளர்களிடம் ஆடுவதால் இழப்பு எதுவும் இல்லை, தேறாவிட்டாலும் உள்ளூர் கிளப் இருக்கிறது. ஆனால் இதற்காக 11-ஆம் வகுப்பில் கணக்கையோ அறிவியலையோ விடச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் முகாம் அக்டோபரில், பொதுத்தேர்வு அதை ஒட்டியே, டிராஃப்ட் நவம்பரில் என்று மூன்றும் ஒரே சமயத்தில் வரும், அதற்கு இரண்டு வருடம் முன்பே பாடத்திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், 15 வயதில் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். முதல் நாளே கிளப் பிசியோவிடம், சின்ன வயதிலிருந்து பட்ட காயங்களையும், தலையில் அடிபட்ட தடவைகளையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பள்ளி, உள்ளூர் கிளப், வட்டார அணி மூன்றின் வாராந்தரப் பயிற்சி நேரத்தையும் ஒரே தாளில் எழுதி அவரிடம் காட்டி, இதில் எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள்.